வாடை தொடங்கும் முன்

செல்வி,

நன்றாகச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுத்தான் நான் தொடங்க வேண்டும். ஆனால் அதையெல்லாம் நைனா நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார். முகம் தெளிந்திருக்கிறதாம், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கிறதாம், நண்டு வாசனை மட்டும் ஆகவில்லையாம். தகரப் பெட்டியில் துணிகளை அடுக்கிப் பூட்டி வாசற்படி ஓரமாக வைத்திருந்தாயாம். உன்னைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தேன், கூட்டிப் போக வரவில்லை என்று அவர் சொன்னதும் நீ பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, "அம்மாவுக்கு நான் பாரமாய்ட்டனா நைனா?" என்று கேட்டாயாம். அவர் இங்கே வந்து அதை அப்படியே சொன்னார். சொல்லிவிட்டுச் சோறு வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். உன் அத்தையும் அவரிடம், "எங்க ஊட்ல பெத்துக்கினா எங்களுக்கு இன்னா கொறச்சல், நல்லா பாத்துப்போம். ஆனா தலப்பிரசவத்துக்குப் பெத்தவ கூப்பிடலன்னா ஊரு இன்னா பேசும்னு நீங்களே சொல்லுங்க" என்றாராம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஊர் பேசும். இங்கே குப்பத்திலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கருவாடு காயப்போடும் இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுபோகிறது.

நீ வரக் கூடாது என்று சொன்னது நான்தான். நைனாவைக் கோபிக்காதே. உன் வளைகாப்புக்கும் நான் வரவில்லை, உன் கல்யாணத்துக்கும் வரவில்லை. கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன், நீ நம்பவில்லை. மறுவீட்டுக்கு வந்தபோது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாய். அந்தக் கையை நான் மறக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை செல்வி. எனக்குப் பயம். வெறும் பயம்தான், வேறு ஒன்றும் கிடையாது. அது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று உனக்குச் சொல்லாமலே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். வாயால் சொல்லலாம் என்று பல தடவை ஆரம்பித்து, மீன் விலை, மழை, பக்கத்து வீட்டு ஆடு என்று வேறு எதையாவது பேசி முடித்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. கால் நீட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு படி.

நான் ரங்கூனில் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். உன் தாத்தா இந்தக் குப்பத்திலிருந்து போய் அங்கே துறைமுகத்தில் சம்பான் படகு ஓட்டினார். எங்கள் வீட்டுக்கு அடுத்தது ஒரு சீனர் மருந்துக்கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், உள்ளே வேர், பட்டை, காய்ந்த கடல்குதிரை, என்னென்னவோ. கடைக்காரரின் மகள் மேய் லீ எனக்குச் சம வயது. அவளும் நானும் காலையில் ஆற்றங்கரைக்குப் போவோம். அங்கே சீனர்கள் வரிசையாக நின்று மெதுவாகக் கையையும் காலையும் அசைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு தைச்சி என்று பெயர். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஊற்றுவார்கள். கழுத்தளவு தண்ணீரில் நடந்தால் கை எப்படி மெதுவாகப் போகும், அப்படிப் போகும். நாங்கள் பின்னால் நின்று கேலியாகச் செய்ய ஆரம்பித்தோம். பிறகு கேலி போய்விட்டது, பழக்கம் ஒட்டிக்கொண்டது.

மேய் லீ ஒரு வாயாடி. அப்பா கடையில் வருகிறவர்களிடம் சொல்வதையெல்லாம் கேட்டு வந்து என்னிடம் ஒப்பிப்பாள். ஒவ்வொரு பருவத்துக்கும் உடம்பில் ஒரு வீடு உண்டாம். வசந்தத்துக்குக் கல்லீரல், கோடைக்கு இதயம், இலை உதிரும் காலத்துக்கு நுரையீரல், குளிருக்குச் சிறுநீரகம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு உணர்ச்சி குடியிருக்குமாம். கல்லீரலில் கோபம், நுரையீரலில் துக்கம். சிறுநீரகத்தில் இருப்பது பயம். குளிர்காலத்தில் இடுப்பைச் சூடாக வைத்துக்கொள்ளாவிட்டால் பயம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், எழுந்தால் அது மேலே போகாது, கீழேதான் இறங்கும், முட்டி தளரும் என்பாள். ரங்கூனில் ஏது குளிர். நாங்கள் இரண்டு பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஐயோ பயம் இறங்குது என்று நடுங்கி நடித்துச் சிரிப்போம். கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம் ஆட்களை ஊருக்கு அனுப்ப, நாங்கள் கப்பலேறியபோது அவள் வந்து நின்றாள். அழவில்லை. முட்டியை மடக்கு, மூச்சைத் தொப்புளுக்குக் கீழே வை, கப்பல் ஆடினால் குமட்டாது என்றாள். அவள் சொன்னபடிதான் வந்தேன், குமட்டவில்லை. அந்த வயதில் எனக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் இந்தக் குப்பம்; இங்கே வந்த பிறகும் காலையில் கடலோரம் நின்று செய்வேன். பெண்கள் கூடி நின்று பார்ப்பார்கள். ரங்கூன் பொண்ணுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று ஒரு பேச்சு. உன் நைனாவுக்கு என்னைக் கட்டிக்கொடுத்த புதிதில் அவரும் வந்து வேடிக்கை பார்த்தார். "இன்னாமே, காத்துல வல வீசினுக்கீற? இன்னா மீனு உழுது?" என்றார். ஆனால் பெரிய வலை இழுத்து இழுத்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, "அந்தக் காத்து வலய எனக்கும் கொஞ்சம் காட்டு" என்று வந்து நின்றதும் அவர்தான். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, படகு மறைவில் நின்று செய்வார். உன்னைச் சுமந்த பத்து மாதமும் நான் விடாமல் செய்தேன். நீ பங்குனியில் பிறந்தாய். ஏரி தட்டு மாதிரி அசையாமல் கிடந்த காலம். வீட்டிலேயே, நம் மருத்துவச்சி கையிலேயே, கத்தக்கூட வேலை வைக்காமல் வந்தாய். எல்லாம் மேய் லீ சொன்ன மூச்சுதான் என்று நான் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. உனக்கு அப்போது நான்கு வயது. உனக்கு ஒரு தம்பி பிறந்து, பிறந்தவுடன் இறந்துபோனான் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். வீட்டில் பிறந்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அவன் ஏரியில் பிறந்தான்.

கார்த்திகை மாதம். வாடை தொடங்கி, மழை விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். தலை மேலே இருக்கிறது, கால்தான் கீழே இருக்கிறது என்றாள். "இது எங்கையால ஆவாது. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டும் போங்க" என்று நைனாவிடம் சொன்னாள். ஏரியில் மழைத் தண்ணீர் ஏறி முகத்துவாரம் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆள் ஏற்றும் படகைக் காலையில் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார்கள், பாதி தூரம்கூடப் போகவில்லை, தண்ணீர் உள்ளே வந்து திரும்பிவிட்டது. காற்று கொஞ்சம் இறங்கட்டும் என்று ஆண்கள் கரையில் நின்றார்கள். அந்த நேரத்தில் எனக்கு மேய் லீயின் அப்பா நினைவு வந்தது. பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் இருந்தால் அவர் தாயின் கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஏதோ ஒரு இலையைச் சுருட்டிப் பற்றவைத்துச் சூடு காட்டுவார். அந்த இலைக்கு நான் எங்கே போவேன். நைனாவின் சுருட்டை வாங்கி, மருத்துவச்சியிடம் கொடுத்து, இரண்டு கால் சுண்டுவிரலுக்கும் காட்டச் சொன்னேன். அவள் காட்டினாள். விரல் சுட்டது, பிள்ளை திரும்பவில்லை. மேய் லீ சொன்ன மூச்சை இழுத்தேன், தொப்புளுக்குக் கீழே அது இறங்கவே இல்லை, நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவை பயம் கீழே இறங்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. முட்டிக்குக் கீழே எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை.

உச்சிப்பொழுதில் நைனா உள்ளே வந்தார். "கட்டுமரத்துல போய்டலாம். அது முழுவாது" என்றார். அது உண்மைதான். படகில் தண்ணீர் நிறையும், கட்டுமரத்தில் நிறைய இடமில்லை, அலை மேலே ஏறி மறுபக்கம் இறங்கிவிடும். ஆனால் மேலே இருப்பவரை அலை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் என்னைக் கட்டினார்கள். நைனாவும் உன் பெரியப்பாவும் என்னைப் பாயோடு மரத்தின் மேல் படுக்கவைத்து, கையையும் சேலைக்குள் சேர்த்து, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் வலைக்கயிறு போட்டு, மரங்களைப் பிணைக்கிற அதே கட்டாகக் கட்டினார்கள். நம் ஆட்கள் கட்டும் அந்தக் கட்டு உனக்குத் தெரியும். அவிழக் கூடாது என்றே கட்டுவது. வேறு யாருக்கானாலும் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கு இன்றைக்கும் தப்பாகத் தெரியவில்லை. அந்தக் கட்டு இல்லாவிட்டால் நானும் இல்லை, உன்னை வளர்க்க ஆளும் இல்லை.

பாதி ஏரியில் அவன் பிறந்தான். நைனா துடுப்பை விட்டுவிட்டு வந்து பிள்ளையை வாங்கினார். பெரியப்பா ஒருவராக மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை ஒரு தடவை அழுதான், செல்வி. நான் கேட்டேன். மழை இறங்கிக்கொண்டிருந்தது. கொடு, என் மார்பில் வை என்று கத்தினேன். அவர் வைத்தார். என்னால் கையை வெளியே எடுக்க முடியவில்லை. கயிற்றை அவிழ்க்க நைனா பல்லால் இழுத்தார், நகத்தால் பிய்த்தார். நனைந்த கயிறு இறுகியிருந்தது. கத்தியை எடுத்து வர மறந்திருந்தார்கள். அந்தப் பிள்ளை என் கழுத்துக்குக் கீழே கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டுப் போனான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கை மட்டும் சேலைக்குள் இருந்தது. பழவேற்காட்டுக் கரையில் ஒரு முஸ்லிம் வீட்டு அம்மா காய்கறி நறுக்கும் கத்தியோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தார். பிள்ளையை வாங்கித் தன் முந்தானையில் சுற்றி, "கொஞ்சம் சூடு இருக்கும்மா, இன்னும் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது அவர் கையின் சூடு. எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஏரியில் வெள்ளம் வடிந்த பிறகு, தை மாதத்தில், அதுவரை அக்கரையிலேயே கிடந்த என்னைப் படகில் திரும்பக் கூட்டிவந்தார்கள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்குக் குப்பத்தில் இறங்கியவள்தான். அதற்குப் பிறகு நான் ஏரியைக் கடக்கவே இல்லை. மீன் விற்கப் போவதில்லை, துணி எடுக்கப் போவதில்லை, திருவிழாவுக்குப் போவதில்லை. எனக்கு இந்த மணல் போதும் என்று சொல்லிவிட்டேன். நைனா ஒரு நாளும் வற்புறுத்தவில்லை. நீ சின்னப் பெண்ணாக அவரோடு படகில் போய்வரும்போதெல்லாம் ஒன்று கேட்பாய், நினைவிருக்கிறதா? நைனா நடு ஏரியில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையைத் தண்ணீரில் நனைக்கிறாரே, ஏன் என்று கேட்பாய். "சும்மாதான். கை எரியுது" என்பார். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

தைச்சியையும் விட்டுவிட்டேன். கையைத் தூக்கினால் நெஞ்சில் கயிறு இறுகுவது போல இருக்கும். அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தது நீதான், உனக்கே தெரியாது. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கும்போது டிரில் மாஸ்டர் யோகாசனம் சொல்லிக்கொடுக்கிறார் என்று வந்து, வாசல் மணலில் நின்று எனக்குச் செய்து காட்டினாய். "நீயும் செய்மா. கைய மேல தூக்கு. மூச்ச இழு. ஆங், இப்ப உடு" என்று மாஸ்டர் குரலிலேயே அதட்டினாய். நான் தூக்கினேன். பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன். "வலிக்குதாம்மா? மாஸ்டர் சொன்னாரு, வலிச்சா நிறுத்திடணும்னு" என்று பயந்துபோய் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாய். மறுநாளும் வந்து நின்றாய். ஒரு நாளைக்குக் கொஞ்சம் என்று தூக்கவைத்தாய். அந்தக் கோடை முடிவதற்குள் நான் உனக்குத் தைச்சி காட்டிக்கொண்டிருந்தேன், நீ எனக்கு ஆசனம் காட்டிக்கொண்டிருந்தாய். நைனா வலை தைத்துக்கொண்டே, "ஊட்ல ரெண்டு டிரில் மாஸ்டரு. சோறு ஆக்கத்தான் ஆளில்ல" என்பார். அந்தக் காலைகள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ, நினைத்தால் பயமாக இருக்கிறது. கை தூக்க முடிந்தது. ஆனால் படகில் கால் வைக்க முடியவில்லை. உன் கல்யாணத்தன்று பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, படகுத்துறை வரை வந்தேன். பலகையில் கால் வைத்ததும் அன்றைக்குப் போலவே முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. நைனா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஊட்டுக்குப் போ. காய்ச்சல்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

இப்போது உன் பிரசவத்துக்குக் கணக்கு வைத்திருப்பதும் கார்த்திகையில்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். உன் தாய்வீடு ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. இங்கே ஆஸ்பத்திரி கிடையாது. நைனா இப்போது ஃபைபர் படகு இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது, அந்தக் காலம் இல்லை என்கிறார். இன்ஜின் இருந்தும் போன வருடம் வாடையில் இரண்டு நாள் ஒரு படகும் கடக்கவில்லை, அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நீ இருக்கும் சுண்ணாம்புக்குளத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு பஸ் இருக்கிறது. பஸ் இல்லாவிட்டால் லாரி, லாரி இல்லாவிட்டால் மாட்டுவண்டி. எது இல்லாவிட்டாலும் தரை இருக்கிறது. உன்னைச் சுமந்துகொண்டு நாலு பேர் நடந்தே போய்விடலாம். அதனால்தான் வராதே என்றேன். ஊர் என்னை என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நீ என்னை வெறுத்தாலும் சரி, அக்கரையில் இருந்து வெறு.

இந்த மழைக்காலத்துக்கு உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பாதத்தையும் இடுப்பையும் குளிர விடாதே. என் பழைய நூல் சேலை ஒன்றை அனுப்புகிறேன், அதை மடித்து இடுப்பில் சுற்றிக்கொள், வயிற்றை அழுத்தாமல் பின்பக்கம் கனமாக இருக்கட்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதே. தலைக்குக் குளிப்பதை உச்சிவெயில் இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள். குளிர்காலத்தில் கறுப்பாக இருப்பதைச் சாப்பிட வேண்டும் என்று மேய் லீயின் அப்பா கறுப்பு எள்ளைக் கொடுப்பார். நம் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு எள் ஆகாது என்பார்கள், உன் அத்தையும் விடமாட்டார், சண்டை போடாதே. தோல் எடுக்காத உளுந்தில் களி கிண்டித் தரச் சொல், அதுவும் கறுப்புதான். காலையில் உனக்குத் தெரிந்த தைச்சியில் அந்த முதல் அசைவை மட்டும் செய், எடையைக் கால் மாற்றி ஊற்றுவது. சுவர் பக்கத்தில் நின்று செய். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் பட்டாம்பூச்சி மாதிரி பாதங்களைச் சேர்த்து உட்காருவது போதும், குப்புறப் படுப்பது, மூச்சை அடக்குவது எதுவும் வேண்டாம். உள்கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஓரிடம் உண்டு, கால் வலிக்கிறது என்று யாராவது அங்கே அழுத்திவிட வந்தால் விடாதே, மாதம் நிறைகிற வரைக்கும் அங்கே கை படக் கூடாது என்று சீனர்கள் சொல்வார்கள். பயம் வந்தால் உள்ளங்கால் குழியில் நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய், கொஞ்சம் தணியும்.

தணியும் என்றுதான் சொல்கிறேன். இதெல்லாம் உடம்பைத் தயாராக வைக்கும், அவ்வளவுதான். பிள்ளையைத் திருப்பாது. நான் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் நர்சம்மா வயிற்றைத் தொட்டுத் தலை எங்கே இருக்கிறது என்று சொல்லட்டும். ஐப்பசியில் ஒரு தடவை போ, கார்த்திகை பிறந்ததும் மறுபடி போ. மழை பலமாகப் பெய்கிறது, நாளைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னால் கேட்காதே. அன்றைக்கேதான் போக வேண்டும். வலி எடுத்த பிறகு மேய் லீயின் மூச்சைச் செய், அதற்கு முன்னால் பஸ் ஏறியிரு.

இன்னும் ஒன்று இருக்கிறது. தாய்வீட்டுக்கு நீ வர முடியாது என்றால் தாய் வரலாம் அல்லவா? நீ என்னைக் கேட்கவில்லை. என்னால் முடியாது என்று நினைத்திருப்பாய், அல்லது மனமில்லை என்று நினைத்திருப்பாய். உன் வளைகாப்பு முடிந்ததிலிருந்து தினமும் காலையில் நான் படகுத்துறைக்குப் போகிறேன். முட்டியை மடக்கி, ஒரு கால் மணலில், ஒரு கால் படகில் வைத்து நிற்கிறேன். எடையை மெதுவாக மணலிலிருந்து படகுக்கு ஊற்றிப் பார்க்கிறேன். நைனா கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிற்பார். முதல் வாரம் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தேன். பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "ரங்கூன்காரிக்கு மறுபடியும் பிடிச்சிக்கிச்சி" என்றார்கள். போன வாரம் இரண்டு காலையும் வைத்து உட்கார்ந்தேன். நைனா கேட்காமலே கயிற்றை அவிழ்த்துவிட்டு, கோல் போட்டுக் கொஞ்ச தூரம் போனார். கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். கரை அந்தப் பக்கம் தள்ளிப் போனதும் என்னை அறியாமல் கத்திவிட்டேன். உடனே திருப்பிவிட்டார். "போதும்மே. இன்னிக்கு இவ்ளோ. ஏரி எங்கயும் ஓடிடாது" என்றார். ஏரி ஓடாது. பருவம் ஓடிவிடும். இப்போது மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று, ஏரி அடங்கிக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் என்னால் நினைத்தும் பார்க்க முடியாது. நேற்று மாலை வடக்கே மேகம் இருட்டிக்கொண்டு நின்றது. நைனா அதைப் பார்த்துவிட்டுப் படகுக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டினார். வாடை சீக்கிரம் திரும்பப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் நாளைக் காலையில் கிளம்புகிறோம். என் துணி இரண்டை மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி மடித்திருக்கிறேன். நைனா இன்று மடியில் ஒரு கத்தியைச் செருகி வைத்தார். எனக்கு இப்போதே பாதம் சில்லிட்டிருக்கிறது, எழுத்து கோணிப் போகிறது, மன்னித்துக்கொள். நான் கடந்துவிடுவேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பலகை வரைக்கும் வந்து திரும்பியவள்தானே.

எப்படியானாலும் இந்தக் கடிதம் உன்னிடம் வந்துவிடும். நைனா மட்டும் வந்து இதைக் கொடுத்தால் நான் கரையிலேயே நின்றுவிட்டேன் என்று தெரிந்துகொள். நீ பாரம் என்று நின்றதாக மட்டும் நினைக்காதே. நானே வந்து உன் கையில் கொடுத்தால் உடனே பிரித்துப் படிக்காதே, இதை உறையின் மேலும் எழுதி வைக்கிறேன். முதலில் என் இரண்டு கையையும் பிடித்து உன் வயிற்றின் மேல் வை. கொஞ்ச நேரம் அந்தச் சூடு என் கையில் படட்டும். கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

உன் அம்மா